பலேடியம் கண்ட வொல்லாஸ்டன்

குப்பையிற் கிடக்கும் குன்றிமணியைப் பற்றி நம் முன்னோர் பழமொழி கூறினர். இக்காலத்துக் குப்பையிலோ குன்றிமணியன்று, பொன்னே கிடக்கின்றது. பழுதுற்றதென்று கழிக்கப்படும் கைப்பேசி, கணிப்பொறி, தொலைக்காட்சி முதலிய கருவிகளின் உட்பலகைகளை எடுத்துப் பார்ப்போர் ஆங்காங்கே மஞ்சள் நிறம் மின்னுவதைக் காணலாம். அது பித்தளையன்று, மின்னோட்டம் தடையின்றிச் செல்லும்பொருட்டு முனைகளிற் பூசப்பட்ட பொன். அப்பலகையிலேயே வெள்ளியும் உண்டு. அரிசியினுஞ் சிறிய மின்தேக்கிகளுக்குள்ளே பலேடியம் என்னும் அரிய உலோகமும் உண்டு. சுரங்கத்தில் ஒரு டன் கல்லை உடைத்துச் சில கிராம் பொன்னே எடுப்பவர் பலர். ஒரு டன் உட்பலகையில் அதனினும் பன்மடங்கு பொன் இருக்கின்றது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கணும் சேர்ந்த இத்தகைய கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் நாலில் ஒரு பங்கினுங் குறைவே முறைப்படி சேகரித்துப் பிரிக்கப்பட்டதென்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குக் கூறுகின்றது.

இவ்வுலோகங்களை மீட்கும் வழி யாது? பலகையைப் பொடியாக்கித் திராவகத்தில் ஊறவைத்து, உலோகங்களைக் கரைத்தெடுத்துப் பின்னர் ஒவ்வொன்றையும் அதற்குரிய மருந்தினாற் படியச்செய்வது முக்கியமான வழிகளுள் ஒன்று. கரைப்பது எளிது; கரைந்து கலந்து ஒரே செந்நிற நீராய் நிற்பவற்றை மீண்டும் வேறுவேறாகப் பிரிப்பதே அரிது. அவ்வித்தையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓரறைக்குள் கதவடைத்திருந்து பழுதறக் கற்றவர் ஒருவர். பலேடியம் என்னும் உலோகத்தை உலகுக்குத் தந்தவரும் அவரே. வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன் என்னும் அவ்வறிஞருடைய சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றேன். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று நம் கலாசாலை நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். இவர் சரிதத்தில் இரசாயனம் பாதி. மற்றப் பாதி மனித உள்ளம்.

வொல்லாஸ்டன் 1766-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் ஆங்கில நாட்டில் நார்போக் பகுதியைச் சேர்ந்த ஈஸ்ட் டீரம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ் வொல்லாஸ்டன் குருவானவர். சபைப் பணி போக எஞ்சிய நேரத்தையெல்லாம் விண்மீன்களை நோக்கி அவற்றிற்கு அட்டவணை வகுப்பதிற் செலவிட்டவர். அவருக்கு மக்கள் பதினெழுவர். அத்துணைப் பெருங்குடும்பத்திற் பிறந்தும் நம் வொல்லாஸ்டன் வாழ்நாள் முழுதும் தனிமையையே நாடினார் என்பது வியப்பே. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிற் பயின்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கீஸ் கலாசாலையிற் சேர்ந்து வைத்தியங் கற்று, 1793-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழுகூட நிரம்பவில்லை.

ஹண்டிங்டனிலும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊரிலும் சிலகாலம் வைத்தியஞ் செய்து, 1797-இல் இலண்டன் மாநகரிற் குடியேறினார். நோயாளிகள் வந்தனர், ஆயினும் அவர் மனம் அமைதி பெறவில்லை. பிறர் நோயைத் தம் நோயாகக் கருதி இரவெல்லாம் வருந்துவார். ஒரு நோயாளியின் நிலையைப் பற்றி ஒருவர் வினவ, மறுமொழி கூறமாட்டாது கண்ணீர் விட்டனர் என்றும் கூறுவர். 1800-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் வைத்தியர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அத்தோல்வி அவருக்கு விடுதலையாயிற்று. அவ்வாண்டிலேயே வைத்தியத்தை அறவே துறந்து, இரசாயன ஆராய்ச்சியினாலேயே வயிறு வளர்ப்பது என்று துணிந்தார். அக்காலத்தில் அது பெருந்துணிவு. ஆராய்ச்சி என்பது செல்வர்க்குப் பொழுதுபோக்கு. அதனாற் பிழைக்கலாம் என்று நினைத்தவர் மிகச் சிலரே.

அவர் நம்பியது பிளாட்டினத்தை. தென்னமெரிக்காவில் அந்நாளில் நியூ கிரனடா என்று வழங்கிய நாட்டின் ஆற்றுமணலிற் பொன்னோடு கலந்து கிடந்த வெண்ணிறத் துகள் அது. பொன் அரித்த ஸ்பானியர்க்கு அது தொல்லையாகவே தோன்றியது. சிறுவெள்ளி என்று பொருள்படும் இகழ்ச்சிப் பெயரையே அதற்கு இட்டனர். இரும்பை உருக்கும் உலையும் அதனை உருக்கவில்லை. பிளாட்டினம் உருகுவதற்கு ஏறக்குறைய 1,770 பாகை வெப்பம் வேண்டும் என்று இன்று அறிவோம். உருக இயலாததை வார்ப்பது எங்ஙனம்? தட்டித் தகடாக்குவது எங்ஙனம்? ஐரோப்பிய இரசாயனிகள் ஐம்பதாண்டுகளாக இதனோடு போராடிச் சிறிதே வெற்றி கண்டிருந்தனர். துருப்பிடியாது, திராவகங்களுக்கு எளிதில் இளகாது, தீயில் நிறம் மாறாது நிற்கும் அவ்வுலோகத்தை நினைத்த வடிவில் வளைக்க வல்லவன் செல்வனாவான் என்பதை யாவரும் அறிந்திருந்தனர்.

கேம்பிரிட்ஜில் வொல்லாஸ்டனுக்கு நண்பராயிருந்தவர் ஸ்மித்சன் டெனன்ட் என்பவர். வைரமும் கரியும் ஒரே பொருள் என்பதை 1797-இல் நிறுவிய இரசாயனி அவரே. இருவரும் கூட்டு வாணிகம் தொடங்கி, 1800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தின நாளில், ஜமேக்கா வழியாகக் கள்ளத்தனமாய் வந்த பிளாட்டின மணல் 5,959 அவுன்சை 795 பவுன் கொடுத்து வாங்கினர். நம் கணக்கில் அஃது ஏறக்குறைய 185 கிலோ. ஊரார் பண்டிகைக்கு வாத்தும் கேக்கும் வாங்கிய அந்நாளில் இவ்விருவரும் மூட்டை மூட்டையாக மணல் வாங்கினர். அவ்வளவு பிளாட்டினத்தை அதற்குமுன் எவ்விரசாயனியும் ஒருங்கே கண்டதில்லை எனலாம்.

இனி, அதனைக் கரைத்த விதத்தைக் கூறுவேன். வெடியுப்புத் திராவகம் தனியே பொன்னையும் பிளாட்டினத்தையும் தொடுவதில்லை. உப்புத் திராவகமும் தனியே தொடுவதில்லை. இரண்டையுங் கலந்தாலோ அவை கரைகின்றன. உலோகங்களின் அரசனையும் வெல்லுதலின் இக்கலவைக்கு இராஜதிராவகம் எனப் பெயர் வந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. வெடியுப்புத் திராவகம் உலோகத்தினின்று மின்னணுக்களைப் பறிக்கின்றது. அங்ஙனம் பறிகொடுத்த உலோக அணுவை உப்புத் திராவகத்திலுள்ள குளோரைடு உடனே சூழ்ந்து பற்றிக்கொள்ளுகின்றது. பற்றிய பிடி விடாமையால் அணு திரும்பி உலோகத்தோடு சேர இயலாது. கரைதல் தொடர்ந்து நடக்கின்றது. ஒருவன் பூட்டைத் திறக்க, மற்றவன் பொருளை எடுத்துச் செல்வதுபோலும் கூட்டுத் தொழில் இது. அப்பொழுது எழும் செம்பழுப்புப் புகை மிகக் கொடியது. சுவாசித்தவன் உடனே வருந்தாவிடினும் சில மணி நேரங் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மாள்வதும் உண்டு. இன்றும் நகர்ப்புறங்களில் சந்துகளிலும் கூரையில்லாக் கொல்லைகளிலும் கையுறையுமின்றிப் பழைய உட்பலகைகளைத் திராவகத் தொட்டியில் இட்டுப் பொன் எடுக்கும் ஏழை மக்கள் சுவாசிப்பது இப்புகையையே. பொன்னை எடுத்தபின் எஞ்சிய நஞ்சு சாக்கடையிற் கலக்கின்றது. வொல்லாஸ்டனுடைய ஆராய்ச்சிசாலையில் வேலைக்காரர் ஒருவரைத் தவிரப் பிறர் நுழைய இயலாதென்பர். அவர் எவ்வளவு புகையை உட்கொண்டாரோ, எவரும் எழுதிவைக்கவில்லை.

கரைந்த நீரில் நவச்சாரத்தை இட்டால் பிளாட்டினம் மஞ்சட் பொடியாகக் கீழே படியும். அதனைக் கழுவிச் சூடேற்றினால் நவச்சாரம் புகையாய்ப் போய்ச் சாம்பல் நிறமான பிளாட்டினத் தூள் எஞ்சும். இதுவரையில் முன்னோரும் அறிந்ததே. பிறர் மஞ்சட்பொடியை எடுத்துக்கொண்டு மேல்நீரைக் கொட்டிவிடுவர். வொல்லாஸ்டன் கொட்டவில்லை. நீரின் நிறம் அவர் எதிர்பார்த்தபடி வெளிறவில்லை. இன்னும் ஏதோ அதில் உண்டு என்று ஐயுற்றார். கரையாது அடியில் நின்ற கரும்பொடியைக் கொட்டாமல் டெனன்டிடம் ஒப்புவித்தார். இவ்வாறு நண்பர் இருவரும் மீதிகளைப் பங்கிட்டுக்கொண்டனர். கரும்பொடியிலிருந்து டெனன்ட் ஆஸ்மியம், இரிடியம் என்னும் இரு புதிய உலோகங்களை 1804-இல் வெளியிட்டார். மேல்நீரிலிருந்து வொல்லாஸ்டன் 1802-இல் ஒன்றும் 1804-இல் ஒன்றுமாக இரண்டு உலோகங்களைக் கண்டார். பின்னது ரோடியம்; அதன் உப்பு ரோஜா மலரின் நிறமுடையதாதலின் அப்பெயர் பெற்றது. முன்னது பலேடியம், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஓல்பர்ஸ் என்னும் வான நூலார் கண்ட பல்லாஸ் என்னும் சிறுகோளின் பெயரை அதற்குச் சூட்டினார். நான்கு மூலகங்களும் பிறர் கழிவென்று கொட்டியவற்றினின்றே வந்தன.

பலேடியத்தைத் தனிப்படுத்த அவர் பின்னர்க் கண்ட வழி அழகியது. மேல்நீரின் புளிப்பை மாற்றி, அதிற் பாதரச சயனைடை இட்டால், பிற உலோகங்கள் யாவும் நீரிலேயே நிற்க, பலேடியம் மாத்திரம் வெளிறிய மஞ்சட் படிவாய் இறங்கும். அதனைச் சுட்டால் உலோகம் கிடைக்கும். கூட்டத்தில் ஒருவனை மட்டும் பெயர் சொல்லி அழைக்க அவன் எழுந்து வருதல் போலும் இது. இன்று மின்னணுக் கழிவினின்று பலேடியம் மீட்போர் வேறு மருந்துகளை வழங்குகின்றனர்; பொன்னை அன்னபேதியிட்டு இறக்கவும் செய்கின்றனர். ஆயினும் நெறி இதுவே: கரைப்பது ஒருங்கே, அழைப்பது ஒவ்வொன்றாக.

நிற்க. புதிய மூலகத்தைக் கண்டவர் என்ன செய்தல் வேண்டும்? இராயல் சங்கத்திற் கட்டுரை வாசித்துப் புகழ் பெறுதல் வேண்டும். வொல்லாஸ்டன் செய்ததோ எவரும் எதிர்பாராதது. 1803-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டன் இரசாயனிகள் சிலருக்கு அச்சிட்ட துண்டுக் காகிதம் ஒன்று கிடைத்தது. அதிற் பெயருமில்லை, கையொப்பமுமில்லை. பலேடியம் அல்லது புதிய வெள்ளி என்னும் உலோகத்தின் குணங்களை வரிசையாகக் கூறி, அது சோஹோ பகுதியில் ஜெரார்டு வீதியிலுள்ள பார்ஸ்டர் என்பவரின் கடையில் ஐந்து ஷில்லிங்கு, அரைக் கினி, ஒரு கினி என்னும் விலைகளிற் கிடைக்குமென்று அறிவித்தது. புதிய மூலகம் ஒன்று கத்தரிக்காய்போலக் கடையில் விற்கப்படுவதைக் கேட்டார் யார்? இரசாயனிகள் நகைத்தனர், சிலர் சினந்தனர்.

சினந்தவருள் முதல்வர் ரிச்சர்டு செனெவிக்ஸ் என்னும் அயர்லாந்து அறிஞர். இஃது ஏமாற்று வித்தை என்று கருதிக் கடைக்குச் சென்று எஞ்சியிருந்த பலேடியம் முழுவதையும் வாங்கிவந்து பரிசோதித்தார். சோதித்துச் சில வாரங்களுள் இராயல் சங்கத்திற்குக் கட்டுரை அனுப்பினார். பலேடியம் மூலகமன்று, பிளாட்டினத்தையும் பாதரசத்தையும் கலந்து செய்த கூட்டுப்பொருளே என்பது அவர் முடிபு. தாமே அதனைச் செய்து காட்டியதாகவும் கூறினார். அவர் பொய்யர் அல்லர். தம் கண்ணையே தாம் ஏமாற்றிக்கொண்ட மெய்யர். அவ்வாண்டிற்குரிய காப்லி பதக்கம், அவருடைய இரசாயனக் கட்டுரைகள் பலவற்றையும் பாராட்டி, அவருக்கே வழங்கப்பட்டது. உண்மையை அறிந்த ஒரே மனிதராகிய வொல்லாஸ்டன் அச்சங்கத்திலேயே வாய் திறவாது இருந்தார்.

டிசம்பர் மாதத்தில் நிக்கல்சன் என்பவர் நடத்திய பத்திரிகையில் மற்றொரு பெயரில்லா அறிவிப்பு வந்தது. வல்ல இரசாயனிகள் மூவர் முன்னிலையில் இருபது குன்றி எடை பலேடியத்தைக் கலவையாற் செய்து காட்டுவோர்க்கு 20 பவுன் பரிசு என்பது அதன் சாரம். குன்றி என்றது ஈண்டு அவர்கள் வழங்கிய கிரெயின் என்னும் சிற்றளவையை. செனெவிக்ஸ் உட்பட எவரும் பரிசு கேட்டு வரவில்லை. செருமனியிலும் பிரான்சிலும் செனெவிக்ஸின் சோதனையைத் திரும்பச் செய்தவர்க்கும் அது கூடவில்லை. ஒருவழியாக 1805-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வொல்லாஸ்டன் அப்பத்திரிகைக்கே கடிதம் எழுதித் தாமே பலேடியத்தைக் கண்டவர் என வெளிப்பட்டார். ஜூலை மாதத்தில் இராயல் சங்கத்தில் முறைப்படி கட்டுரையும் வாசித்தார். அதற்குள் அவர் அச்சங்கத்தின் செயலாளராகவும் ஆகியிருந்தார் என்பது நகைப்பையும் நாணத்தையும் ஒருங்கே தருவது. சங்கத் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் இந்நாடகத்தை விரும்பவில்லை. செனெவிக்ஸோ நாளடைவில் இரசாயனத்தையே கைவிட்டுப் பிரான்சிற் குடியேறி நாடகமும் கதையும் எழுதலானார்.

வொல்லாஸ்டன் ஏன் இங்ஙனம் ஒளித்தார்? பிளாட்டினத் தொழிலின் மந்திரம் வெளிப்பட்டுவிடும் என்னும் அச்சமே காரணம் என்பர். பலேடியம் எங்கிருந்து வந்ததெனக் கூறினால், எவ்வளவு மணல் கரைத்தார், எவ்வாறு கரைத்தார் என்பனவும் வினாவாகும். அதே வேளையில் வேறொருவர் அதனைக் கண்டு முந்திக்கொள்ளவும் கூடாது. ஆகவே பொருளை விற்றுப் பெயரை மறைத்தார். இக்காரணம் அறிவுக்குப் பொருந்துகின்றது. என் மனத்துக்குப் பொருந்தவில்லை. தொழில் இரகசியத்தைக் காப்பது வணிகனுக்கு உரிமை. ஆனால் ஓர் அறிஞர் தவறான வழியிற் செல்வதைக் கண்டும், அவர் மேலும் மேலும் ஆழத்தில் இறங்கும்வரை கரையில் நின்று நோக்குவது நண்பர் கடன் அன்று. செனெவிக்ஸ் அவசரப்பட்டார் என்பது உண்மை. அவ்வவசரத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வொல்லாஸ்டனைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அஃது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பிளாட்டினத்தை வளைக்கும் வித்தை முற்றக் கைவந்தது 1805-ஆம் ஆண்டளவில். உருக்க இயலாததை உருக்காமலே ஒன்றாக்குவது அவர் முறை. நவச்சாரத்தாற் படிந்த பொடியை மெல்லெனச் சுட்டு, வந்த தூளைக் கையாற் கசக்குவார். கடினமானவற்றை மரக் கிண்ணத்தில் மர உலக்கையினால் அரைப்பார். கல்லாலோ இரும்பாலோ அரைத்தல் கூடாது. துகள் மினுமினுப்பாகத் தேய்ந்துவிட்டால் பின்னர் ஒன்றோடொன்று ஒட்டாது. நம் வீடுகளில் மாவு அரைக்கும் பக்குவத்தை ஒரு பாட்டியார் மருமகளுக்குக் கூறும் நுட்பம் இதில் உண்டு. அரைத்ததை நீரிற் கலக்கிச் சேறாக்கி, பித்தளைக் குழலில் இட்டு நீர் முழுதும் பிழியும்படி அழுத்துவார். கிடைத்த கட்டியைக் கடுமையான உலைத்தீயிற் சுட்டு, சூடாக இருக்கும்போதே சம்மட்டியால் அடிப்பார். துகளெல்லாம் ஒன்றுபட்டு உறுதியான பாளமாகும். இன்று உலோகத்தூளை அழுத்திச் சுட்டுப் பொறிகள் செய்யும் பெருந்தொழிலுக்கு இம்முறை முன்னோடி.

அப்பாளங்கள் இலண்டனில் வில்லியம் கேரி என்னும் கருவி வாணிகர் வாயிலாக விற்பனையாயின. துப்பாக்கியில் மருந்துக்குத் தீயூட்டும் சிறுதுளை வெடிமருந்தினால் அரிக்கப்பட்டு விரைவிற் கெடும். அதனைப் பிளாட்டினத்தாற் செய்தால் கெடாது. துப்பாக்கித் தொழிலாளர் அவருக்குப் பெரிய வாடிக்கையாயினர். கந்தகத் திராவகத்தைக் காய்ச்சிச் செறிவாக்கும் கொப்பரைகளையும் பிளாட்டினத்தாற் செய்து கொடுத்தார். கண்ணாடிக் கலங்கள் உடைந்து உயிருக்கே கேடு வந்த தொழிலில் அக்கொப்பரை ஆண்டுக்கணக்காக நின்றது. வொல்லாஸ்டன் செல்வரானார். பக்கிங்ஹாம் வீதியில் வீட்டுக்குப் பின்புறமிருந்த அவருடைய ஆராய்ச்சிசாலைக்குள் நண்பரும் அனுமதி பெற்றிலர். அயல்நாட்டு அறிஞர் ஒருவர் அதனைக் காண விரும்பியபோது, சில கண்ணாடிச் சில்லுகளும் ஊதுகுழலும் தராசும் வைத்த தேநீர்த் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் செய்து, தம் ஆராய்ச்சிசாலை அதுவே என்று காட்டினாராம். மிகச் சிறிய அளவு பொருளைக்கொண்டே உண்மை காணும் ஆற்றல் அவருக்கு இருந்ததனால் அது முற்றிலும் பொய்யன்று; கதவுக்குப் பின்னே ஆயிரக்கணக்கான அவுன்சு கரைந்துகொண்டிருந்தமையின் முற்றிலும் மெய்யுமன்று.

அவருடைய பிற கண்டுபிடிப்புக்களை விரிக்கிற் பெருகும். 1802-இல் சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே நோக்கி அதிற் கருங்கோடுகள் இருத்தலை முதன்முதற் கண்டார். ஆனால் அவை நிறங்களின் எல்லைகள் எனக் கொண்டு அப்பாற் சென்றார். அக்கோடுகளிலேயே விண்மீன்களின் இரசாயனம் எழுதப்பட்டிருந்தது, படித்தவர் பின்வந்தோர். சித்திரம் வரைவோர்க்கு உதவும் காமிரா லூசிடா, படிகங்களின் கோணத்தை அளக்கும் கருவி, இரசாயனக் கணக்குக்கு ஒரு வழுக்கு அளவுகோல் ஆகியவற்றை அமைத்தார். மூத்திரக் கல்லிலிருந்து 1810-இல் அவர் பிரித்த பொருளே சிஸ்டின். மிக நுண்ணிய கீச்சொலி சிலர் செவிக்கு எட்டாதென்பதை எடுத்துக் காட்டினார்.

இவற்றுள் பிளாட்டினக் கம்பி ஒன்றை மட்டும் விரித்துரைக்க விரும்புகின்றேன். தொலைநோக்கிகளில் அளவு காட்ட மிகமிக மெல்லிய கம்பி வேண்டியிருந்தது. சிலந்தி நூலையே வழங்கி வந்தனர். 1813-இல் வொல்லாஸ்டன் பிளாட்டினக் கம்பியைச் சுற்றி வெள்ளியை வார்த்து, இரண்டையும் சேர்த்தே துளைத்தகட்டின் வழியே இழுத்து இழுத்து மெலியச் செய்தார். பின்னர் அதனை வெடியுப்புத் திராவகத்தில் இட்டார். வெள்ளி முழுதும் கரைந்து போயிற்று, பிளாட்டினம் நின்றது. அங்குலத்தில் முப்பதினாயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள இழைகளும் அவர்க்குக் கிடைத்தன. ஒன்றைக் கரைத்து ஒன்றை நிறுத்தும் வித்தையில் அவர் விளையாடியதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

1820-இல் பேங்க்ஸ் இறந்தபின் இராயல் சங்கத்தின் தலைமைப் பதவி அவருக்கு வந்தது. சில மாதங்கள் மட்டும் இடைக்காலத்துக்கு ஏற்று நடத்தி, தேர்தலில் நில்லாது ஹம்ப்ரி டேவிக்கு வழிவிட்டார். அடுத்த ஆண்டில் மற்றொரு சோதனை நேர்ந்தது. மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தின் அருகே தன் அச்சிலேயே சுழலவேண்டும் என்று வொல்லாஸ்டன் எண்ணி முயன்றும் கூடாமற்போயிற்று. 1821 செப்டம்பரில் மைக்கேல் பாரடே என்னும் இளைஞர் கம்பி காந்தத்தைச் சுற்றி வருமாறு செய்து காட்டி, வொல்லாஸ்டன் பெயரைக் குறியாமல் வெளியிட்டார். புத்தகம் கட்டும் தொழிலிலிருந்து வந்த பாரடே பெரியவர் கருத்தைத் திருடினார் என்று ஊர் தூற்றியது. பாரடே மனம் நொந்து வொல்லாஸ்டனிடம் விளக்கம் கூறச் சென்றார். வொல்லாஸ்டன் அச்சொல்லை வளர்க்கவில்லை. இருவர் கருத்தும் வேறென்பதை உணர்ந்து, அமைதியோடு நடந்து, பின்னர்ப் பாரடேயின் சோதனைகளைக் காணவும் வந்தார். செனெவிக்ஸுக்குக் காட்டாத கருணையைப் பதினெட்டாண்டு கழித்து இவ்விளைஞருக்குக் காட்டினார் போலும்.

இதற்கு முன்னரே அவர் உடலில் ஒரு பகை புகுந்திருந்தது. ஒருநாள் வீட்டுக் கதவொன்றின்மேல் எழுதியிருந்த ஜான்ஸன் என்னும் பெயரை நோக்கினார். ஆங்கில எழுத்துக்களில் முற்பகுதி மறைந்து ஸன் என்பதுமட்டுமே தெரிந்தது. ஒரு கண்ணை மூடி நோக்கினும் மற்றொரு கண்ணை மூடி நோக்கினும் இடப்புறமே மறைந்தது. வேறொருவராயின் வைத்தியரை அழைத்திருப்பர். இவரோ இடப்புறம் இரு கண்ணிலும் ஒருங்கே மறைவதனால், இரு கண்ணின் நரம்புகளும் பாதிபாதியாகப் பிரிந்து மாறிச் செல்லுதல் வேண்டும் என்று ஊகித்து, 1824-இல் அதனையே கட்டுரையாக எழுதினார். அவ்வூகம் சரியே என்று பின்வந்த வைத்தியர் கண்டனர்.

1828-ஆம் ஆண்டின் இறுதியில் இடக்கை மரத்தது; மூளையில் நோய் என்று தெரிந்தது. தாம் நெடுநாள் வாழ்வதற்கில்லை என்பதை வைத்தியராகிய அவர் தாமே கணித்தார். இருபத்தெட்டாண்டு பூட்டிவைத்த கதவை அப்பொழுது திறந்தார். எழுத இயலாத கையோடு, பிறரை எழுதச் சொல்லி, பிளாட்டினத்தை வளைக்கும் முறையை உலக்கை முதல் சம்மட்டி வரை ஒன்றும் ஒளியாது உரைத்தார். அவ்வுரை நவம்பர் 20-ஆம் நாள் இராயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. சங்கம் அதற்கு அரச பதக்கம் அளித்தது. ஆராய்ச்சிக்கு உதவும்பொருட்டு இராயல் சங்கத்துக்கு 2,000 பவுனும், நிலவியற் சங்கத்துக்கு 1,000 பவுனும் கொடுத்தார். வாழ்நாளில் மறைத்த மந்திரத்தைச் சாகும்போது கொடுத்தது பெருமையா என்று வினவுவோர்க்கு, கொடாமலே சென்றவர் பலர் என்பதுதான் நான் கூறக்கூடிய மறுமொழி.

கடைசி நாளில் அவர் பேச்சு ஒடுங்கிக் கிடந்தார். சூழ நின்ற நண்பரில் ஒருவர், இனி அவர்க்கு உணர்வில்லை என்று மற்றவர் காதிற்படக் கூறினார். படுக்கையில் இருந்தவர் சைகையாற் காகிதமும் எழுதுகோலும் கேட்டு வாங்கினார். சில எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கூட்டி, தொகையைச் சரியாக இட்டுத் திருப்பிக் கொடுத்தார். 1828-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், அறுபத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். மணஞ் செய்துகொள்ளாதவர்; தந்தையார் நெடுங்காலம் குருவாயிருந்த சிசில்ஹர்ஸ்ட் என்னும் ஊரின் ஆலயத்தில் அவரை அடக்கஞ் செய்தனர்.

அவர் எழுதிவைத்த குறிப்பேடுகள் நூறாண்டுக்கு மேல் காணாமற் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கேம்பிரிட்ஜில் அகப்பட்டன. கூட்டு வாணிகத்தின் வரவு செலவும் ஒவ்வொரு கரைப்பின் கணக்கும் அவற்றால் வெளிவந்தன. ஏறக்குறைய 47,000 அவுன்சு மணலைக் கரைத்து 38,000 அவுன்சு பிளாட்டினம் எடுத்திருக்கின்றார். பலேடியம் கிடைத்தது ஏறக்குறைய 300 அவுன்சே. அதற்கும் வாங்குவோர் இலர். இன்று மோட்டார் வண்டிகளின் புகையைத் தூய்மை செய்வதற்கும் மின்தேக்கிகளுக்கும் உலகம் தேடியலையும் அவ்வுலோகம் அவர் அலமாரியில் விலைபோகாது உறங்கியது. நிலவியற் சங்கத்துக்கு அவர் அளித்த பொருளினின்று ஆண்டுதோறும் வழங்கும் பதக்கம் 1831-இல் முதன்முதலாக வில்லியம் ஸ்மித் என்பவருக்கு உரியதாயிற்று. 1846 முதல் சில ஆண்டுகள் அப்பதக்கத்தைப் பலேடியத்திலேயே வார்த்தனர். 1859-இல் அதனைப் பெற்றவர் சார்லஸ் டார்வின்.